இறங்கட்டும்

சுடுதண்ணி என்றால் பார்சல் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நின்ற இடத்தில் நிற்காத மனுஷன் என்று லாரி டிரைவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. வீட்டில் மச்சினன்கூடச் சில சமயம் வாய்தவறி அதையே சொல்லிவிடுவான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்வதற்கும் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமே.

வாய்த்த வேலையும் அதற்கு ஏற்றதுதான். பார்சல் ஆபீஸின் பின்பக்கம் வரிசையாக நிற்கும் வண்டிகளில் மூட்டை ஏறியதும், பின்கதவை உள்ளங்கையால் தட்டி, "கிளம்பு, கிளம்பு" என்று அனுப்பி வைக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்ன எந்த டிரைவரையும் அவர் குடிக்க விட்டதில்லை. "போற வழியில குடிச்சுக்கலாம், டீ எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். சாப்பாடு நின்றுகொண்டேதான். முடிவெட்டும் கடையில் ஒரு பக்கம் முடிந்ததும், மறுபக்கம் அப்படியொன்றும் மோசமில்லை என்று எழுந்து போனவர். சினிமாவில் கடைசிக் காட்சியை அவர் இதுவரை பார்த்ததில்லை, கூட்டத்துக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். வில்லன் கடைசியில் என்ன ஆனான் என்று மனைவியைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அந்த மனைவி கிடைத்ததே ஓர் அவசரத்தில்தான். வாலிப வயதில் ஒருநாள் பஸ் நிலையத்தில் தன் ஊர் பஸ்ஸுக்காக நின்றவர், பக்கத்தில் வேறொரு பஸ் முதலில் கிளம்பியதும் அதில் ஏறிவிட்டார். அடுத்த இருக்கையில் இருந்த பெண், "இந்த பஸ் அங்க போகாதுங்களே" என்றாள். "தெரியும். ஆனா இதுதான் முதல்ல கிளம்பிச்சு" என்றார் இவர். அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எங்கேயோ போக வேண்டியவர் அவளிடம் வந்து சேர்ந்தார். அன்றைக்குச் சிரித்தவள்தான், கல்யாணமாகி இத்தனை வருஷமும் இந்த மனுஷனோடு சலித்துக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. அவள் வேன் டிரைவர்.

அது எப்படி என்று கேளுங்கள். அவள் முதலில் ஒரு பகல்நேர முதியோர் இல்லத்தில் உதவியாளராகத்தான் இருந்தாள். வீட்டில் துணைக்கு ஆளில்லாத வயதானவர்கள் காலையில் வந்திருந்து சாயங்காலம் திரும்பிப் போகிற இடம் அது. அவர்களை ஏற்றி இறக்க ஒரு வாடகை வேன் வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் குணத்தில் நம்முடைய சுடுதண்ணிக்குக் கூடப்பிறந்தவன். ஹாரனை அடித்து அடித்துத்தான் ஆட்களை இறக்குவான். ஒருநாள் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒரு காலைத் தரையில் வைத்து, படியில் இருந்த மறுகாலை எடுப்பதற்குள் வண்டியை நகர்த்திவிட்டான். வாத்தியார் விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவர் கைத்தடி இல்லாமல் நடந்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், காலைக்கூடக் கழுவாமல், "நான் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள். கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கினாள். கழுத்தில் கிடந்ததை விற்று ஒரு பழைய டீசல் வேன் வாங்குவது என்று முடிவு செய்தாள். இல்லத்துக்காரர்களிடம் போய், "வேன் நான் கொண்டு வர்றேன், இவங்களை நான் கூட்டிட்டு வர்றேன்" என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் பேரில் என்று அதுவரை ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை.

வேன் பார்க்கப் போனபோது அவளுடைய தம்பியையும் கூட்டிப்போனார்கள். தம்பி மெக்கானிக். டீசல் எஞ்சின் என்றால் அவனுக்கு உயிர். அவள் போனதும் போகாததுமாகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து படியின் உயரத்தைக் காலால் ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனை விற்கிறவர் இவர்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டி வைத்திருந்தார். தம்பி அதை அணைக்கச் சொன்னான். அணைத்ததும் சுடுதண்ணி பானெட்டுக்குள் கையை விட்டார்.

"இருங்க மாமா" என்று அவர் கையைப் பிடித்தான் தம்பி. "ஆயில் இறங்கட்டும்."

ஓடின எஞ்சினில் ஆயில் மேலும் கீழுமாகப் பரவிக் கிடக்கும், அது வடிந்து அடித்தொட்டியில் சேர்ந்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும், வண்டியும் சமதளத்தில் நிற்க வேண்டும். இதைத் தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுடுதண்ணி வேனைச் சுற்றி வந்துவிட்டார். டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். வைப்பரைத் தூக்கித் தூக்கிப் போட்டார். விற்கிறவருக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் என்ன செய்கிறான் என்பதெல்லாம் தெரிந்துகொண்டார். இன்னும் ஆயில் இறங்கின பாடில்லை.

ஒருவழியாகத் தம்பி அளவுக்குச்சியை உருவினான். துணியால் துடைத்தான். மறுபடி உள்ளே விட்டு உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் நின்றது ஆயில். விரலில் தொட்டுத் தேய்த்தான், மோந்து பார்த்தான். கறுப்பாகத்தான் இருந்தது. டீசல் வண்டியில் ஆயில் கறுக்கத்தான் செய்யும், அதில் ஒன்றுமில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பயப்பட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தான். லேசாகப் புகை புசுபுசுவென்று வந்தது.

"பழைய எஞ்சின், கொஞ்சம் மூச்சு விடுது. பரவாயில்ல, தைரியமா வாங்கலாம். ஆனா ஒண்ணு மாமா. ஆயில் குறையவும் கூடாது..."

"வாங்கலாம்" என்ற இடத்திலேயே சுடுதண்ணி ஒரு காலை எடுத்து வைத்தாயிற்று. "குறையவும் கூடாது" என்றபோது விற்கிறவரிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. "கூடவும் கூடாது" என்று தம்பி காற்றிடம்தான் சொன்னான். அக்கா அந்தப் பக்கம் படியை அளந்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழவில்லை.

வேன் வந்த பிறகு வீட்டின் போக்கே மாறியது. அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசி ஆளின் கடைசிக் கால் தரையில் பட்டதைத் தன் கண்ணால் பார்க்காமல் கியரைத் தொடமாட்டாள். பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இறங்கட்டும்" என்பாள். இன்னும் அடித்தால், கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "அவங்க இறங்கட்டும்" என்பாள். அவ்வளவுதான். முதல் நாள் பெருமையாக முன்சீட்டில் ஏறிப் போன சுடுதண்ணி, இரண்டாவது வீட்டு வாசலில் கதவைத் திறந்து இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா, எந்தக் காலை முதலில் வைப்பது என்று படியில் நின்று யோசித்த யோசனையை அவரால் தாங்க முடியவில்லை.

ஆனால் மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய வேனுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது ஒப்பந்தம் போட்டார். "நீ ஓட்டு. ஆயில் என் பொறுப்பு. நீ தொடவே கூடாது." அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். இந்த மனுஷன் ஓரிடத்தில் நின்று செய்கிற ஒரு வேலையாவது கிடைத்ததே என்று நினைத்திருப்பாள், பாவம்.

நின்று செய்கிறவரா அவர். சாயங்காலம் வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டாலே வாசலில் துணியோடு நிற்பார். அவர்கள் வீட்டு வாசல் ஒரு சரிவு. அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் பானெட் திறந்திருக்கும், குச்சி அவர் கையில் இருக்கும்.

"காலைல பார்த்துக்கலாமே. சூடா இருக்குங்க."

"எனக்குத் தெரியாதா?" என்பார்.

ஒன்றும் தெரியாது. அதுதான் உண்மை. சூட்டோடு சூடாக, ஆயில் ஒருபக்கமாக ஒதுங்குகிற சரிவில் நிற்கிற வண்டியில், பாதி ஆயில் இன்னும் எஞ்சினுக்குள் மேலேயே தங்கியிருக்கும்போது குச்சியை உருவினால் அது குறைவாகத்தான் காட்டும். ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நிற்கும். குறையவும் கூடாது என்று மச்சினன் சொன்னது காதில் ஒலிக்கும். டப்பாவை எடுத்துக் கொஞ்சம் ஊற்றுவார். மறுநாளும் குறைவாகவே காட்டும். மறுநாளும் கொஞ்சம் ஊற்றுவார். ஒரு டப்பா தீர்ந்து இரண்டாவது வந்தது. பார்சல் ஆபீஸில், "பழைய வண்டி, கொஞ்சம் ஆயில் குடிக்குது. நான் கண்ல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் அவரைத் திட்ட மனசு வராது. எனக்கு வருகிறது.

போன வாரம் அவள், "வண்டி மேடு ஏறும்போது நீலமா புகை விடுதுங்க, தம்பிகிட்ட ஒரு தடவை காட்டலாமா?" என்று கேட்டாள். "டீசல் வண்டின்னா புகை விடாம என்ன விடும்?" என்றார். ஆனாலும் உள்ளூர ஒரு பயம். ஆயில் போதவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு இரண்டு பங்காக ஊற்றினார்.

இன்று காலை இரண்டாவது டப்பாவும் காலி. வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை மச்சினனின் பட்டறை வாசலில், ஸ்டாண்டுகூடப் போடாமல், ஒரு காலை ஊன்றி நிறுத்தினார்.

"மச்சான், இன்னொரு டப்பா ஆயில் எடு. சீக்கிரம்."

தம்பி ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "எந்த வண்டிக்கு மாமா?"

"உங்க அக்கா வேனுக்குத்தான். குடிச்சுத் தீர்க்குது."

தம்பி மெல்ல வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். அந்த வேன் எங்கேயும் ஒழுகவில்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டு டப்பா ஆயில் எங்கே போயிருக்கும் என்று அவன் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது அவன் முகத்தில் தெரிந்தது. "எப்ப பார்க்கறீங்க?" என்றான்.

"சாயங்காலம். வந்து நின்ன உடனே."

"உடனேன்னா?"

"உடனேன்னா உடனேதான். அவ இறங்கறதுக்குள்ள."

"உங்க வீட்டு வாசல் சரிவுலயா?"

"வேற எங்க நிறுத்துவா?"

தம்பி துணியைக் கீழே போட்டான். "மாமா, அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஆயில் குறையக் கூடாதுன்னு சொன்னே."

"குறையவும் கூடாது, கூடவும் கூடாதுன்னு சொன்னேன். நீங்க பாதியிலேயே போயிட்டீங்க."

சுடுதண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. தம்பி சொன்னான், தலையில் தட்டித் தட்டிச் சொல்வது மாதிரி. ஆயில் அளவுக்கு மேலே போனால், பழைய எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் வழியாக அந்த ஆயில் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள்ளேயே போகும். டீசல் எஞ்சினுக்கு டீசல்தான் வேண்டும் என்றில்லை, ஆயில் கிடைத்தாலும் எரித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓட ஆரம்பித்துவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் குறையாது. "சாவியைப் பிடுங்கி வீசினாலும் நிக்காது மாமா. தன்னால வெறிபிடிச்ச மாதிரி ஓடும், உள்ள இருக்கற ஆயில் தீர்ற வரைக்கும், இல்ல எஞ்சின் வெடிக்கிற வரைக்கும். நீலப்புகை ஏதாவது விட்டுதா?"

"விட்டுது" என்றார் சுடுதண்ணி. வேனில் போகிற வயதானவர்கள் எட்டுப் பேர். அவள். அவளுடைய வேன். கையில் பிடித்திருந்த காலி டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

தம்பி அக்காவுக்குப் போன் செய்தான். மணி அடித்து அடித்து நின்றது. அவள் ஓட்டும்போது போனைப் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள், அதுவும் அவளுடைய சட்டம். இல்லத்துக்குப் பேசினான். இன்றைக்கு எல்லாரையும் கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள், இப்போதுதான் கிளம்பினார்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் பாதைக்கு மேலே போகிற நீளமான பாலத்தில் ஏற வேண்டும்.

"மேடு" என்றான் தம்பி. அதற்குள் சுடுதண்ணி ஸ்கூட்டரை உதைத்துவிட்டார். தம்பி பாய்ந்து சாவியை உருவிக்கொண்டான்.

"இந்தத் தடவையாவது முழுசா கேட்டுட்டுப் போங்க. பிரேக்கை முழுசா மிதிக்கணும், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துடணும். கிளட்ச்சை மிதிச்சு, கடைசி கியருக்குத் தள்ளணும். அப்புறம் கிளட்ச்சை டக்குனு விட்டுடணும். எஞ்சின் மூச்சடைச்சு நிக்கும். ஆனா வண்டி ஒரு குதி குதிக்கும். அதனால உள்ளேயோ படியிலயோ யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம்தான். சொல்லுங்க, என்ன சொன்னேன்?"

சுடுதண்ணி சொன்னார். தம்பி விடாமல் இன்னொரு தடவை சொல்ல வைத்தான். சாவியைக் கொடுத்தான். "நான் பின்னாடியே வர்றேன்."

எல்லாத் தெருவும் அன்றைக்கென்று அவருக்கு எதிராகவே இருந்தது. சிக்னலில் சிவப்பு. ரொட்டி வண்டி ஒன்று குறுக்கே ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். வழக்கமாக இப்படி நின்றால் வாய்க்கு வந்தபடி யாரையாவது திட்டுவார். இன்றைக்குத் திட்டுவதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார், அவர் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். "படுபாவி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். ஹெல்மெட்டுக்குள் அது அவருக்கே பெரிதாகக் கேட்டது. பாதி வாக்கியம். பாதி வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷன் இரண்டு டப்பா ஊற்றியிருக்கிறான். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பையோடு நின்று, அவர் ஊற்றுவதைப் பார்த்து, "போதுங்க, உள்ள வாங்க" என்று சொன்னது கண்ணுக்கு முன்னால் வந்தது. கண் கலங்கியது. துடைக்க நேரமில்லை.

பாலத்தின் மேட்டில் ஏறும்போதே புகையைப் பார்த்தார். உச்சியில், சமமான இடத்தில், ஓரமாக நின்றிருந்தது வேன். பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை சுவரெழுப்பினாற்போல் நின்றது. எஞ்சின் போட்ட சத்தத்தை அவர் இத்தனை வருஷத்தில் எந்த லாரியிலும் கேட்டதில்லை. ஏறும், கொஞ்சம் தணியும், மறுபடி அலறிக்கொண்டு ஏறும். மற்ற வண்டிகள் ஒதுங்கித் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தன.

அவள் பக்கவாட்டுக் கதவின் படியருகே நின்றிருந்தாள். சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஐந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே இன்னும் மூன்று பேர். அவரைப் பார்த்ததும், எப்படி வந்தீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை.

"சாவியை எடுத்துட்டேன், நிக்க மாட்டேங்குது."

"எனக்குத் தெரியும். எப்படி நிறுத்தறதுன்னும் தெரியும்" என்று டிரைவர் சீட்டில் ஏறினார். பிரேக்கை மிதித்தார். அவள் ஏற்கெனவே இழுத்திருந்த ஹேண்ட் பிரேக்கை இன்னும் இழுத்தார். கிளட்ச்சை மிதித்துக் கடைசி கியருக்குத் தள்ளினார். இனி இடது காலை எடுத்தால் போதும். சீட்டும் ஸ்டியரிங்கும் அவருடைய பல்லும் சேர்ந்து நடுங்கின.

"இறங்கட்டும்" என்றாள் அவள்.

பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் நடப்பது முழுக்கத் தெரிந்தது. ஒருவர் இறங்கினார். அடுத்தது அந்த மூக்குக்கண்ணாடி அம்மா. படிவரை வந்துவிட்டு, கண்ணாடிக்கூடு சீட்டிலேயே இருக்கிறது என்று திரும்பிப் போனாள். சுடுதண்ணிக்குத் தொண்டை வரைக்கும் ஒரு கத்தல் வந்தது. எஞ்சின் இப்போது போட்ட அலறலில் டேஷ்போர்டிலிருந்த பொருளெல்லாம் உதறிக் கீழே விழுந்தது. ஒரு நொடி. காலை எடுத்துவிட்டால் தீர்ந்தது. வேனும் பிழைக்கும். அந்த அம்மா எங்கேயோ பிடித்துக்கொள்வாள். இப்படியெல்லாம் அவர் கால் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்க அந்தக் கால் சொன்னதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். கிளட்ச்சின் மேல் இருந்த முழங்காலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கூட்டோடு அந்த அம்மா வந்தாள். எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தாள். வைத்தாள். இறங்கினாள்.

கடைசியாகக் கணக்கு வாத்தியார். கைத்தடியைக் கீழே ஊன்றினார். ஒரு காலைத் தரையில் வைத்தார். மறுகால் படியில். அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்கு விழுந்ததும் இப்படி நின்றபோதுதான். முகம் வெளுத்திருந்தது. டிரைவர் சீட்டில் வேறு யாரோ ஓர் ஆம்பிளை உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். அவருக்குக் காது மந்தம், அதனால் பேசுவதெல்லாம் சத்தமாகத்தான்.

"அம்மா, அவர் வண்டிய நகர்த்திட மாட்டாரே?"

சுடுதண்ணி கண்ணாடியில் தன் மனைவியைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து அதே கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். பஸ்ஸில் பார்த்த அன்றிலிருந்து இந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். எந்தப் படத்திலும் கடைசி வரை உட்கார்ந்திராதவர், பாதி வாக்கியத்தில் எழுந்து போகிறவர். அவள் வாத்தியாரின் காதருகே குனிந்து, சுடுதண்ணிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மாட்டார் ஐயா. நீங்க இறங்குங்க."

வாத்தியார் மறுகாலை எடுத்தார். அது படியை விட்டு, காற்றில் கொஞ்சம் தடுமாறி, தரைக்கு வந்தது. அவள் அவரைத் தோளோடு அணைத்துச் சுவரோரம் கூட்டிப்போனாள். திரும்பி, கையைத் தூக்கினாள். சுடுதண்ணி கிளட்ச்சை விட்டார்.

வேன் ஒரு குதி குதித்தது. அவர் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. எங்கேயோ இரும்பு முனகியது. அப்புறம் சத்தமே இல்லை. பாலத்துக்கு அடியில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, அதுவரைக்கும் யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

அவர் இறங்கி வந்தார். அவள் முந்தானையால் அவர் நெற்றியை ஒற்றினாள். 

"நான்தான்" என்றார். "தினமும் ஊத்தி ஊத்தி, நான்தான். உன் தம்பி சொன்னதை முழுசா கேட்கல. வண்டி நின்ன உடனே குச்சியைப் பார்த்துட்டு, குறையுதுன்னு நினைச்சுட்டேன். புகை வருதுன்னு நீ சொன்ன பிறகும் ஊத்தினேன்."

அவள் சுவரோரம் நின்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு எஞ்சின் போட்ட சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. திட்டினாலாவது நிம்மதி.

தம்பி ஒரு வாடகை வேனோடு வந்து சேர்ந்தான். பானெட்டைத் திறந்து, புகை அடங்கியிருந்த எஞ்சினை எட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். தேறினாலும் தேறும்." சுடுதண்ணி தன்னையறியாமல் பானெட்டுக்குள் கையை நீட்டி, குச்சியின் மஞ்சள் வளையத்தைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது. வெளியே எடுத்துக்கொண்டார்.

"ஆயில் இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள், பின்னாலிருந்து.

அவருக்கு முகம் தொங்கிப்போனது. அந்த ஒரு வேலைதான் அவளுடைய வேனில் அவருக்கு இருந்தது. "அப்ப நான்?" என்றார். குரல் சின்னப் பையனுடையது மாதிரி வந்தது.

அவள் வாடகை வேனின் கதவைத் திறந்து பிடித்தாள். "இவங்களை ஏத்தி விடுங்க. அங்க போய் இறக்கியும் விடணும். நாளைக்கும். இந்த வண்டி தேறி வந்தப்புறமும்."

"தினமுமா?"

"தினமும்தான். ஆபீஸுக்கு முன்னாடி."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். சிரிப்பை மறைக்கத்தான்.

முதலில் வந்தது மூக்குக்கண்ணாடி அம்மா. சுடுதண்ணி கையை நீட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தாள். தன் இடது காலைப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, "உங்களுக்கு அவசரமா தம்பி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க மெதுவா ஏறுங்க."

சுவரோரம் நின்ற அவருடைய மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கை அசையாமல் நீட்டினபடி இருந்தது. வலது கால் மட்டும் செருப்புக்குள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.